கோமாளி மீன்: எந்த இனம், யாரோடு யார்?

வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் ஒரு ஜோடி தொட்டிக்கு வந்து, நன்றாகத் தின்று, ஒரு மூலையைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்டதும் பலருக்கும் அடுத்து வரும் ஆசை இன்னொரு ஜோடி. இந்த முறை கறுப்பு நிறத்தில், அல்லது முதுகில் ஒற்றைக் கோடு ஓடும் ரகத்தில். தொட்டியில் முக்கால்வாசி இடம் சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும். நமக்குச் சும்மா கிடப்பதாகத் தெரியும் அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு ஜோடிகளைச் சேர்த்து வைக்கலாமா என்றால் எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. எந்த இனத்தோடு எந்த இனம் என்பதைப் பொறுத்தது. சில இணைகள் பெரிய தொட்டியில் வருடக்கணக்கில் ஒத்துப்போகும். சில இணைகளில் அடுத்த நாள் காலையிலேயே ஒன்று செத்துக் கிடக்கும். அதனால் கையில் இருப்பது என்ன மீன் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கோமாளி மீன்கள் டாம்செல் மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அழகாக இருந்தாலும் இடச்சண்டைக்குப் பேர்போன குடும்பம் அது. ஏறக்குறைய 30 இனங்கள் உண்டு. எல்லாம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும்தான். அட்லாண்டிக்கில் ஒன்றுகூடக் கிடையாது. கடலில் இவை அனிமோன் எனப்படும் கடல் சாமந்தியின், அதாவது பூப்போலத் தெரியும் ஒரு கடல் விலங்கின், கொட்டும் விரல்களுக்கு நடுவே வாழ்கின்றன. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனிமோன் வகைகள் இருந்தும் கோமாளி மீனுக்கு வீடு கொடுப்பவை வெறும் 10 வகைகள்தான். வீட்டுக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருந்தால் பிடித்த வீட்டுக்காகச் சண்டை போடாமல் என்ன செய்யும்?

முப்பது இனங்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மீன் கடைகளுக்கு வருபவை பெரும்பாலும் ஐந்து கூட்டங்களுக்குள் அடங்கிவிடும். நிறத்தை வைத்து அடையாளம் காண முயன்றால் ஏமாந்துபோவோம். ஒரே இனம் ஆரஞ்சிலும் கறுப்பிலும் வரும். வயது ஏற ஏற நிறம் மாறும். பண்ணையில் வளர்த்தவற்றில் பட்டைகளே உடைந்தும் குழம்பியும் இருக்கும். உடலின் வடிவம், பட்டைகளின் எண்ணிக்கை, பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, துடுப்பின் உயரம் ஆகியவை அவ்வளவு சுலபத்தில் பொய் சொல்லாது.

ஒசெல்லாரிஸும் பெர்குலாவும்

அதிகம் குழப்புவது இந்த இரட்டையர்தான். இரண்டும் ஆரஞ்சு, இரண்டுக்கும் மூன்று வெள்ளைப் பட்டை, இரண்டிலும் நடுப்பட்டை தலைப்பக்கமாகப் புடைத்திருக்கும். கடையில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை நம்பினால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

முதலில் கண்ணைப் பாருங்கள். பெர்குலாவின் கருவிழியைச் சுற்றி பளிச்சென்ற ஆரஞ்சு வளையம் இருக்கும். அதனால் கண் சிறிதாகத் தெரியும். ஒசெல்லாரிஸுக்கு அந்த வளையம் மங்கலான சாம்பல் கலந்த ஆரஞ்சு. தள்ளி நின்று பார்த்தால் கண் முழுவதும் கறுப்பாக, பெரிதாகத் தெரியும். கொஞ்சம் பழகிவிட்டால் இந்த ஒன்றை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அப்புறம் முதுகுத் துடுப்பு. ஒசெல்லாரிஸுக்கு முன்பகுதியில் பொதுவாக 11 முட்கள், சிலவற்றுக்கு 10. பெர்குலாவுக்குப் பொதுவாக 10, சிலவற்றுக்கு 9. எண்ணிக்கை ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் 10 முள் இருந்தால் முடிவு சொல்ல முடியாது. தவிர, நீந்திக்கொண்டே இருக்கும் மீனின் முள்ளை எண்ணுவது எளிதில்லை; போட்டோ எடுத்துப் பெரிதாக்கித்தான் எண்ண வேண்டும். அதைவிட முட்பகுதியின் உயரத்தைப் பார்ப்பது சுலபம். ஒசெல்லாரிஸுக்கு அது உயர்ந்து நிற்கும், பெர்குலாவுக்குத் தாழ்ந்திருக்கும்.

வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் கறுப்பு விளிம்பு தடிமனாக இருந்தால் பெர்குலா என்று பலர் சொல்வார்கள். வளர்ந்த மீனில் இது ஓரளவு சரி. ஆனால் பெர்குலா குஞ்சுகளில் அந்தக் கறுப்பு இன்னும் வந்திருக்காது. வயது ஏறும்போது மெல்ல மெல்லத்தான் ஏறும். குஞ்சைப் பார்த்து இந்தக் குறியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கடலிலிருந்து பிடித்த மீனாக இருந்தால் பிடித்த இடமே பாதி விடையைச் சொல்லிவிடும். ஒசெல்லாரிஸ் அந்தமானிலிருந்து தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஜப்பானின் ரியூக்யூ தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடமேற்கு வரை. பெர்குலா பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்துப் பக்கம். கடைகளில் விற்கும் கறுப்பு வெள்ளை மீன் தனி இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியிலிருந்து வந்த வழியைச் சேர்ந்த ஒசெல்லாரிஸ்தான். ஸ்னோஃப்ளேக், பிகாசோ என்று விலை ஏற்றி விற்கும் ரகங்களும் தனி இனங்கள் கிடையாது. முன்னது ஒசெல்லாரிஸ், பின்னது பெர்குலா. இரண்டையும் கலந்து உருவாக்கிய ரகங்களும் சந்தையில் உண்டு. அவற்றிடம் முள்ளை எண்ணி ஒரு பயனும் இல்லை.

மற்றவை

தக்காளிக் கூட்டத்துக்குச் சிவந்த, உயரமான உடல். தக்காளிக் கோமாளிக்குத் தலையில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. வளர்ந்த பெண்ணின் பக்கவாட்டில் கறுப்பு படர்ந்திருக்கும், ஆண் முழுச் சிவப்பாகவே இருக்கும். குஞ்சாக இருக்கும்போது இரண்டு மூன்று பட்டைகள் இருந்து பிறகு மறைவதால், குட்டித் தக்காளியை வேறு இனம் என்று வாங்கிவிடுவது சகஜம். சின்னமன் கோமாளியும் ஒற்றைப் பட்டைதான். ஆனால் உடலில் கறுப்பு அதிகம், வயிற்றுப்பக்கத் துடுப்புகளும் பெரும்பாலும் கறுத்திருக்கும். பட்டையே இல்லாமல், பின்பாதியில் கறுப்புத் திட்டோடு வளர்ந்த மீன் இருந்தால் அது எஃபிப்பியம். அந்தமான் கடலிலும் மலேசிய, இந்தோனேசியப் பக்கங்களிலும் வாழ்வது.

கிளார்க்கியும் செபேயும் இன்னொரு குழப்ப ஜோடி. கிளார்க்கியைச் செபே என்று எழுதி விற்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. வால் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே தனியாக ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் கிளார்க்கி. செபேக்கு அங்கே பட்டை இருக்காது. நடுப்பட்டை பின்பக்கமாகச் சாய்ந்து முதுகுத் துடுப்பின் பின்பகுதிக்குள் ஏறியிருக்கும், வால் மஞ்சளாக இருக்கும். செபே இந்தியப் பெருங்கடலின் மீன். கிளார்க்கியோ பாரசீக வளைகுடாவிலிருந்து மேற்குப் பசிபிக் வரை பரவியது. அந்த 10 அனிமோன் வகைகளில் எதையும் மறுக்காமல் குடியேறிவிடும். அதன் நிறம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் நிறத்தை மறந்துவிடுங்கள்.

ஸ்கங்க் கூட்டத்தில் முதுகுத்தண்டின் மேலே தலையிலிருந்து வால் வரை ஒரு வெள்ளைக் கோடு. அதோடு கன்னத்தில் குறுக்காக மெல்லிய பட்டையும் இருந்தால் பிங்க் ஸ்கங்க். கன்னப்பட்டை இல்லாமல், முதுகுக்கோடு மேலுதடு வரை வந்தால் ஆரஞ்சு ஸ்கங்க். உதட்டைத் தொடாமல் நின்றுவிட்டால் இந்தியப் பெருங்கடலின் அகல்லோபிசோஸ். உடல் ஒல்லி, குணமும் மற்றவற்றோடு பார்த்தால் சாது.

கடைசியாக மரூன். கன்னத்தில், கண்ணுக்குக் கீழே பின்னோக்கி நீளும் கூர்மையான முள் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், இதுதான். வலையில் அந்த முள் சிக்கிக்கொள்ளும் என்பதால் டப்பாவில் அள்ளுவது நல்லது. பெண் 15 செ.மீ. தாண்டியும் வளரும்; ஆண் அதில் பாதிகூட இருக்காது. பட்டைகள் மெல்லியவை. சுமத்ரா பக்கத்து மரூனுக்கு அவை வயது ஏற ஏறத் தங்க நிறமாகும். கோமாளி மீன்களிலேயே முரட்டுத்தனத்தில் முதலிடம் இதற்குத்தான்.

ஒரு ஜோடிக்குள் நடப்பது

ஜோடிகளைச் சேர்ப்பதைப் பேசுமுன் ஜோடி என்பது எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். கோமாளி மீன் குஞ்சுகளில் பெண் கிடையாது. எல்லாமே முதலில் ஆணாக முதிரக்கூடியவை. ஓர் அனிமோனில் இருக்கும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாகிறது, இரண்டாவது பெரியது அவளுக்கு இணையான ஆண். மற்றவை வளராமல், முதிராமல் வரிசையில் காத்திருக்கும். பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறுவான்; வரிசையில் அடுத்து நின்றது ஆணாகும். ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. பெண்ணின் அதட்டல்தான் மற்றவை மாறாமல் தடுத்து வைக்கிறது. மாற்றத்துக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகும்; ஒருமுறை பெண்ணாகிவிட்டால் திரும்பி வர வழியில்லை.

பப்புவா நியூ கினியின் பெர்குலாக்களைக் கவனித்து பீட்டர் பஸ்டன் 2003-இல் எழுதியது இன்னும் சுவாரசியமானது. வரிசையில் கீழே இருக்கும் மீன் தனக்கு மேலே இருப்பதைவிடச் சிறியதாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. பெரியதாகத் தெரிந்தால் போட்டி என்று பொருள், போட்டி என்றால் விரட்டல். கோமாளி மீன் உலகில் உடலின் அளவு என்பது பதவி.

இதிலிருந்து வரும் நடைமுறை எளியது. ஒரே இனத்தில் இரண்டு குஞ்சுகள், ஒன்று தெளிவாகப் பெரியது, மற்றது சிறியது என்று வாங்கினால் அநேகமாக ஜோடியாகிவிடும். சிறியது பெரியதன் முன்னால் பக்கவாட்டில் சாய்ந்து வெடவெடவென்று நடுங்கும். வலிப்பு வந்துவிட்டதோ என்று புதியவர்கள் பயந்துவிடுவார்கள், அது பணிவு. அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மாறாக, முழுதாக வளர்ந்த இரண்டு பெண்களை ஒரே தொட்டியில் விடுவது ஒரே உறைக்குள் இரண்டு கத்தியைச் சொருகுவது போல. இரண்டில் ஒன்று போகும்வரை நிற்காது.

இரண்டு ஜோடிகள்

ஒரு ஜோடி மற்றொன்றை எதனால் எதிரியாகப் பார்க்கிறது? ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட முடிவு இங்கே உதவும். முட்டையிலிருந்து வளர்த்த ஒசெல்லாரிஸ் குஞ்சுகளிடம் வெவ்வேறு கோமாளி மீன்களையும், வெவ்வேறு எண்ணிக்கையில் வெள்ளைப் பட்டை வரைந்த மாதிரிகளையும் காட்டினார்கள். தங்களைப் போலவே மூன்று பட்டை கொண்டதைத்தான் அவை அதிகம் தாக்கின. பட்டையில்லாத மாதிரியை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. தன் இனத்தானே தன் வீட்டைப் பறிக்கக்கூடியவன் என்பது அவற்றின் கணக்கு. நாம் அடையாளம் காணப் பார்க்கும் அதே பட்டைகளைத்தான் மீனும் பார்க்கிறது.

ஆகவே இரண்டாவது ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் ஜோடியைப் போல இல்லாததாகப் பாருங்கள். பலர் நேர் எதிராகச் செய்கிறார்கள். ஒசெல்லாரிஸ் ஜோடி இருக்கும் தொட்டிக்குப் பெர்குலா ஜோடியை, அல்லது கறுப்பு ஒசெல்லாரிஸ் ஜோடியைக் கொண்டுவருகிறார்கள், ‘எல்லாம் ஒரே குடும்பம்தானே’ என்று. அதுதான் மோசமான தேர்வுகளில் ஒன்று. நிற வகை வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது: ஒரே ஜோடியில் ஒன்றை ஆரஞ்சாகவும் மற்றதைக் கறுப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே இனம் என்பதால் ஜோடி சேரும்.

இரண்டு இனங்கள் வேண்டுமென்றால் நான் முதலில் சொல்வது ஒசெல்லாரிஸ் ஜோடியும் பிங்க் ஸ்கங்க் ஜோடியும். உருவம் வேறு, பட்டை வேறு, இரண்டும் ஓரளவு சாது. கடலிலும் இப்படி வெவ்வேறு இனங்கள் ஒரே அனிமோனைப் பகிர்ந்துகொள்வது உண்டு. பல இனங்கள் நெருங்கி வாழும் தென்கிழக்காசியக் கடல்களில் இது பதிவாகியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டி ஒரே அனிமோனில் இரண்டு ஜோடிகளை இருத்தப் பார்க்காதீர்கள். கடலில் தோற்றவனுக்கு ஓட இடம் இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் ஓட முடியாது.

தக்காளியோடு சின்னமன் வேண்டாம், இரண்டும் ஒரே அச்சு. கிளார்க்கியோடு ஒசெல்லாரிஸ் மிகப் பெரிய தொட்டியில் சிலருக்கு ஒத்துவரலாம், ஆனால் அதிகாரம் கிளார்க்கியின் கையில்தான் இருக்கும். தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மரூனைப் பொறுத்தவரை பட்டை வேறுபாடு என்ற விதியெல்லாம் செல்லாது. அது யாரையும் விரட்டும். மரூன் ஜோடி இருந்தால் அந்தத் தொட்டியில் வேறு கோமாளி மீன் இல்லை என்று முடிவு செய்துவிடுங்கள். மரூன் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்வதே பெரும்பாடு.

சரி, எவ்வளவு பெரிய தொட்டி? ஒரு ஒசெல்லாரிஸ் ஜோடிக்கு 80 முதல் 100 லிட்டர் போதும். இரண்டு ஜோடிகளுக்கு 400 லிட்டருக்குக் கீழே நான் யோசிக்க மாட்டேன். லிட்டரைவிட நீளம் முக்கியம்: 150 செ.மீ. நீளம் இருந்தால் இரண்டு மூலைகளுக்கும் நடுவே உண்மையான இடைவெளி கிடைக்கும். கோமாளி மீன் கடலிலேயே தன் அனிமோனை விட்டு அதிக தூரம் போவதில்லை; அதற்கு வேண்டியது சின்ன இடம்தான், ஆனால் அந்த இடத்திலிருந்து அடுத்தவன் முகம் தெரியக் கூடாது. நடுவில் பாறைகளை உயர்த்தி அடுக்கி, ஒரு ஜோடி இருக்குமிடத்திலிருந்து மற்றது தெரியாதபடி செய்யுங்கள். உணவையும் இரண்டு மூலைகளிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒரே இடத்தில் போட்டால் இரண்டு ஜோடிகளும் அங்கே மோதும்.

முடிந்தால் இரண்டு ஜோடிகளையும் சிறிய வயதில் ஒரே நாளில் விடுங்கள். முடியாதென்றால் சாதுவானது முதலில், முரடு பிறகு. ஏற்கெனவே ஒரு ஜோடி குடியிருக்கும் தொட்டி என்றால் புதிய ஜோடியை விடும் நாளில் பாறைகளைக் கொஞ்சம் மாற்றி வையுங்கள். பழைய எல்லைகள் கலையும். புதியவற்றை முதலில் துளையிட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிட்டால், சண்டை வருமா என்பதை யாருக்கும் காயமில்லாமல் பார்த்துவிடலாம். உள்ளே விடுமுன் தனித் தொட்டியில் சில வாரங்கள் கண்காணிப்பதும் அவசியம்; கடலில் பிடித்த கோமாளி மீன்கள் ப்ரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணியோடு வருவது சகஜம், அது தோலில் வழவழப்பான வெண்படலமாகத் தொடங்கி ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு அனிமோன் வாங்கலாமே என்று தோன்றும். அனிமோன் இல்லாமலேயே இவை நன்றாக வாழும். பவளம், தொட்டியின் மூலை, சில சமயம் தண்ணீர்ப் பம்ப்பைக்கூட வீடாக எடுத்துக்கொள்ளும். அனிமோனுக்குப் பலமான வெளிச்சமும் மாதக்கணக்கில் நிலைபெற்ற தொட்டியும் வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் நகரும், பம்ப்பில் சிக்கி நார்நாராகி தண்ணீரையே கெடுக்கும். வெவ்வேறு வகை அனிமோன்கள் தொட்டால் ஒன்றையொன்று கொட்டும். வைத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டும் ஒரே வகையாக, தாங்குதிறன் உள்ள பபிள் டிப்பாக இருக்கட்டும்.

பிறகு கவனிக்க வேண்டியது எது சாதாரணச் சச்சரவு, எது ஆபத்து என்பது. பக்கவாட்டில் உடலைக் காட்டுவது, ஓரிரு அடி விரட்டிவிட்டுத் திரும்புவது, நடுங்குவது எல்லாம் பேச்சுவார்த்தை. ஒரு மீன் மேல்மட்டத்து மூலையிலேயே ஒடுங்கி நிற்பது, துடுப்பு கிழிந்திருப்பது, மூச்சு வேகமாக வாங்குவது, உணவுக்கு வராமல் இருப்பது, இவற்றில் இரண்டு சேர்ந்தாலே அன்றைக்கே பிரித்துவிடுங்கள். பிரிக்கும்போது அடிபட்டதை மட்டும் எடுத்தால் அதன் இணை தனியாக மாட்டிக்கொள்ளும், ஜோடியாகவே எடுங்கள்.

ஒருவேளை எல்லாம் அமைதியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அமைதி குலையக்கூடிய நேரம் முட்டை இடும் காலம். முதிர்ந்த ஜோடி ஏதாவது பாறையைத் துடைத்துச் சுத்தம் செய்து ஆரஞ்சு நிற முட்டைகளை ஒட்டிவைக்கும். ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் இருப்பான். வெப்பநிலையைப் பொறுத்து ஒரு வாரம் பத்து நாளில், விளக்கணைந்த பிறகு குஞ்சு பொரியும். நன்றாகத் தின்னும் ஜோடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறைகூட முட்டை இடும். அந்த நாட்களில் எல்லை இரண்டு மடங்காகும், உங்கள் கையையும் கடிக்கும். மாதக்கணக்கில் ஒத்துப்போன ஜோடிகள் முதல் முட்டையோடு பகையாவது நடக்கக்கூடியதே. அதனால் இரண்டாவது ஜோடிக்கு ஓடிக்கொண்டிருக்கும் உதிரித் தொட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும், 80 லிட்டர் போதும். அது இல்லையென்றால் அந்த ஜோடியை இப்போதைக்கு வாங்காதீர்கள்.